மின்னணு இசைக் கருவிகளும் இந்திய சங்கீதத்தின் சுருதியும்

1969ஆம் ஆண்டில் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்காவில் செய்யப்பட்ட மூக் என்னும் ஒலித் தொகுப்பி ஒன்று நிறுவப்பட்டது. அதனை அமைத்துக் கொடுத்தவர் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசை வல்லுநர். அக்கருவியைக் கையாண்டோருள் பக்கவாஜ் வாத்தியத்தில் பயிற்சி பெற்ற கீதா சாராபாயும் ஒருவர். 1946இல் நியூயார்க் நகரில் ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளருக்கு இந்திய சங்கீதத்தைக் கற்பித்தவர் இவரே. 1972 வரை அங்கு ஒலிநாடாக்களில் பதிவான படைப்புகள் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்து, 2023இல் இசைத்தட்டாக வெளிவந்தன.

இத்தகைய கருவி நமது சங்கீதத்துடன் கூடும்போது ஒரு வினா எழுகின்றது. பாட்டு வகுப்புகளில் மின்னணுக் கருவிகள் சாதாரணமாகிவிட்ட இக்காலத்தில் அவ்வினா ஆசிரியர்களையும் சார்ந்ததாகும். இக்கருவியின் துணைகொண்டு கற்கும் குழந்தையின் செவி எந்த ஸ்வரத்தைச் சரியென்று கொள்ளும்?

ஒலித் தொகுப்பியின் இயக்கம் சிக்கலானதன்று. அதிலுள்ள அலையியற்றி மின் அலைவுகளை உண்டாக்குகின்றது. ஒலிபெருக்கி அவற்றைக் காற்றின் அதிர்வுகளாக மாற்றுகின்றது. அலையியற்றிக்கு அளிக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும் என்பது மூக் கருவியின் ஏற்பாடு. இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. மின்னழுத்தத்தில் படிகள் இல்லை. அதனை எந்த அளவிலும் நிறுத்தலாம், இழுத்துச் செல்லவும் செய்யலாம். ஆனால் கருவியோடு இணைத்த கட்டைப் பலகையோ அந்த ஒரு வோல்ட்டைப் பன்னிரண்டு சமபாகங்களாக வெட்டிவிடுகின்றது. குறை மின்னணுவியலில் இல்லை, கட்டைகளில்தான் இருக்கின்றது என்று கூறினால் மிகையாகாது.

அப்பன்னிரண்டு சமபாகங்களால் விளைவது யாது என்பதை அறியத் தம்பூராவை முதலில் நோக்க வேண்டும். 1921இல் கல்கத்தாவில் பணியாற்றிவந்த சர் சி. வி. ராமன், தம்பூரா, வீணை ஆகியவற்றின் தந்திகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். சாதாரணமாக, ஒரு தந்தியைச் சரிபாதியில் மீட்டினால் அதன் இரண்டாம் மேற்சுரம் ஒலிக்கலாகாது; மேற்சுரத்தின் அசையாப் புள்ளி அவ்விடத்தில் அமைவதே காரணம். தம்பூராவிலோ அம்மேற்சுரம் தெளிவாக ஒலிப்பதை ராமன் எடுத்துக்காட்டினார். தம்பூராவின் குதிரை கூர்மையான விளிம்புடையதன்று. அகன்று, சிறிது வளைந்திருக்கும். தந்தி அதிரும்போது அவ்வளைவை மீண்டும் மீண்டும் உரசுகின்றது. இதனால் அதிர்வின் ஆற்றல் மேற்சுரங்களுக்கு இடையறாது ஊட்டப்படுகின்றது. வித்வான்கள் தந்திக்கும் குதிரைக்கும் இடையே வைத்து நகர்த்திப் பார்க்கும் நூலிழை, அதாவது ஜீவா, இவ்வுரசலை நுட்பமாகச் சரிசெய்வதற்கே ஆகும். பெயர் பொருத்தமானதே, நூல் விலகினால் தந்தியின் நாதம் உயிரிழந்துவிடுகின்றது.

ஆதார ஷட்ஜத்தின் ஐந்தாம் மேற்சுரம் அந்தர காந்தாரமாகும். நன்கு சுருதி கூட்டிய தம்பூராவில் யாரும் மீட்டாமலே காந்தாரம் கேட்பதாகக் கூறுவதற்கு இதுவே விளக்கம். அந்தக் காந்தாரத்திற்கும் கட்டைப் பலகையின் காந்தாரத்திற்கும் உள்ள வேற்றுமையைக் கணக்கிட்டுக் காணலாம்.

ஒரு கட்டை சுருதியில் ஷட்ஜத்தின் அதிர்வெண் வினாடிக்கு 261.6. அதனை 5/4ஆல் பெருக்கினால் தம்பூரா காட்டும் அந்தர காந்தாரம் 327.0 எனக் கிடைக்கும். கட்டைப் பலகையோ 329.6 என்று ஒலிக்கின்றது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கையில் ஷட்ஜத்தின் ஐந்தாம் மேற்சுரமான 1308, கட்டைக் காந்தாரத்தின் நான்காம் மேற்சுரமான 1318.5 ஆகியவை மோதி, வினாடிக்குப் பத்துக்கு மேற்பட்ட விம்மல்களை உண்டாக்குகின்றன. செவிக்கு இது ஒருவகைக் கரகரப்பாகத் தோன்றும். பஞ்சமத்தில் குற்றம் மிகச் சிறிது, 392.4 இருக்க வேண்டிய இடத்தில் 392.0 இருக்கின்றது.

தம்பூராவின் மேற்சுரங்கள் வலுவானவை ஆதலால், அதன் அருகில் கட்டை வாத்தியம் ஒலித்தால் இம்மாறுபாடு மேலும் வெளிப்படும். அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தை விலக்கியதற்கு இத்தகைய சுருதிக் குறையும், கமகம் பிடிக்க இயலாமையும் காரணங்களாகக் கூறப்பட்டன. 1971இல் அத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டது.

கமகத்தைப் பொறுத்தவரை கட்டை வாத்தியத்தின் நிலை இன்னும் கடினமானது. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. அண்டை ஸ்வரங்களைத் தொட்டுத் தொட்டு அசைவதே அதன் வடிவம். எந்தக் கட்டையை அழுத்தினாலும் அது தோடியின் காந்தாரம் ஆகாது. இவ்விடத்தில் கணிதத் திருத்தம் உதவாது. இரு ஸ்வரங்களுக்கு இடையேயுள்ள பாதை வேண்டும்.

அப்பாதையை இழக்காமல் மின்சாரத்தைப் பயன்படுத்தியவர்களுள் மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் (1969–2014) தலையாயவர். மாண்டலினில் தந்திகள் இரட்டை இரட்டையாக அமைந்தவை. நாதம் விரைவில் தேய்ந்துவிடும். ஆதலால் நீண்ட கமகத்திற்கு இடமில்லை. அவர் கையாண்டது ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின் மாண்டலின். தந்தியின் அதிர்வைக் கருவியிலுள்ள ஏற்பி மின்னோட்டமாக மாற்ற, பெருக்கி அதனை வளர்த்தமையால், தேயும் நாதமும் செவிக்கு எட்டியது. ஸ்வரத்தை வளைத்தது விரலே. மின்சாரம் அவ்விரலுக்கு அவகாசம் அளித்தது.

வேறொரு வழியில் சென்றவர் பம்பாய்த் திரைப்பட இசைக் கலைஞர் சரண்ஜித் சிங். 1982இல் அவர் பத்து இந்துஸ்தானி ராகங்களை ரோலண்ட் நிறுவனத்தின் மின்னணுக் கருவிகளில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவற்றுள் ஒன்றான டிபி-303இல், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. மீண்டுக்கு அது ஈடாகாது எனினும், கட்டைகளுக்கு இடையேயும் ஒலி உண்டு என்பதை அவ்வியந்திரம் ஒப்புக்கொண்டது.

சுருதிக்கு மட்டும் பயன்படும் மின்னணுக் கருவிகள் இதற்கு முன்னரே தோன்றிவிட்டன. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியியலாளர், தாமே குழலிசைக் கலைஞராக இருந்தமையால் சுருதியின் அருமையை உணர்ந்து, 1970களில் மின்னணுச் சுருதிப் பெட்டியையும் தொடர்ந்து மின்னணுத் தம்பூராவையும் உருவாக்கினார். இவ்வகைக் கருவிகளில் ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாமல் நிற்கின்றன. வானிலையால் தந்தி தளரும் தொல்லை இல்லை. ஆயினும் மேற்சுரங்கள் குறைந்த மொட்டையான ஒலி, ஆதாரத்தைக் காட்டுமேயன்றிக் காந்தாரத்தைக் காட்டாது. அத்தகைய ஒலியுடன் பழகும் மாணவனுக்குத் தன் காந்தாரத்தை ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கிடைப்பதில்லை. அசல் தம்பூராவின் நாதத்தைப் பதிவு செய்து திரும்ப ஒலிக்கும் கருவிகளிலும் செயலிகளிலும் இக்குறை பெரிதும் நீங்கியிருக்கின்றது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி மந்தர ஷட்ஜத்தின் அடிப்படை அதிர்வை ஏறக்குறைய விழுங்கிவிடும். ஆயினும் மேற்சுரங்களைக் கொண்டே செவி அதனை ஊகித்துக்கொள்ளும் என்பது வியப்பான உண்மை.

கணினி இசையில் கருவிகளை இணைக்கும் மிடி என்னும் முறை 1983இல் வந்தது. அதில் ஸ்வரத்தை வளைக்கும் கட்டளைக்கு 16,384 படிகள் உண்டு. கமகத்திற்கு இந்நுட்பம் தாராளமாகப் போதும். எனினும் பெரும்பாலான கருவிகளில் வளைவின் எல்லை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்கள் அளவிலேயே முதலில் வைக்கப்பட்டிருக்கும். நீண்ட ஜாருக்கு அது போதாது. எல்லையை விரித்துக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரங்களைத் தனித்தனியே வளைப்பதற்கான விதிமுறை 2018இல் ஏற்கப்பட்டது.

வகுப்பில் செய்யத்தக்க பரிசோதனை ஒன்று உண்டு. கட்டைப் பலகையில் நடுக்கமில்லாத ஆர்கன் ஒலியைத் தேர்ந்து, ஒரு கட்டை ஷட்ஜத்தையும் அதன் மேலுள்ள பஞ்சமத்தையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பத்து வினாடிகளில் ஏறக்குறைய ஒன்பது மெல்லிய விம்மல்களை மாணவர்கள் எண்ணலாம். பின்னர் பஞ்சமத்திற்குப் பதில் அந்தர காந்தாரத்தை அழுத்தினால், எண்ண இயலாத விரைவில் விம்மல் எழும். அடுத்துத் தம்பூராவை மீட்டி, ஒருவரைக் காந்தாரத்தில் நின்று பாடச் செய்தால், குரல் சேரும் இடத்தில் விம்மல் அடங்குவது புலப்படும்.

ஸ்வரங்களைத் தனித்தனியே திருத்தும் வசதி பல கட்டைப் பலகைகளில் உண்டு. ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பகுத்த சென்ட் என்னும் அளவில், அந்தர காந்தாரத்தை 14 குறைக்கவும், காகலி நிஷாதத்தை 12 குறைக்கவும், சதுச்ருதி ரிஷபத்தை 4 கூட்டவும், பஞ்சமத்தை 2 கூட்டவும், சுத்த மத்யமத்தை 2 குறைக்கவும் வேண்டும். அசைவின்றி நிற்கும் ஸ்வரங்களுக்கே இவ்வளவுகள் பொருந்தும். ஷட்ஜத்தை வேறு கட்டைக்கு மாற்றினால் திருத்தங்களையும் புதிதாக அமைக்க வேண்டும். இல்லையெனில் முன்பு இருந்ததைவிடப் பெரிய பிழை விளையும்.