ஊரின் நினைவுக்கும் ஒரு வைப்புநிதி

கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கப் பணி நின்றது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றதிலிருந்து ஏறத்தாழ 120 ஆண்டுகள் அம்மண்ணிலிருந்து தங்கம் எடுக்கப்பட்டது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் அவற்றை நடத்தியது. சுரங்கம் மூடப்பட்டதால் வேலை இழந்த குடும்பங்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. அதே நாளில் மூடப்பட்ட மற்றொன்றைப் பற்றி நாம் இங்கே சிந்திக்க விரும்புகிறோம். அது ஊரைப் பேணி வந்த பணப்பை.

நிறுவனமே ஊராக இருந்த இடம் தங்கவயல். தொழிலாளர் லைன் வீடுகள், மருத்துவமனை, சாலை, விளையாட்டுத் திடல் ஆகியவற்றின் செலவு ஒரே பேரேட்டில் எழுதப்பட்டது. பாலாற்றின் மேல்புறத்திலுள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குடிநீர் வந்தது. 1902-இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 140 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. கூரை ஒழுகினாலும் சுவர் விரிசல் கண்டாலும் நிறுவனத்தின் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் போதும் என்ற பழக்கம் தலைமுறைகளாக நிலைத்தது. அப்பேரேடு முடிந்தபோது, ஊரின் பழமையைக் காக்க ஊராரிடம் தனி நிதியும் இல்லை, அதை நிர்வகிக்கும் குழுவும் இல்லை.

இன்று ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். ஊரில் குடும்பம் இருக்கிறது, வருமானம் வெளியிலிருந்து வருகிறது. இத்தகைய ஊர் தன் மரபைக் காக்கத் தனக்கென ஒரு நிதியை எவ்வாறு அமைக்கலாம், ஒரு குழு அதை எவ்வாறு நடத்தலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். சுரங்கம், ஆலை, துறைமுகம் என ஏதேனும் ஒன்றை நம்பி வளர்ந்த எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

முதற்கேள்வி: பத்திரம் யார் பெயரில்?

அடமானக் கடன் கோரி வருபவரிடம் வங்கிப் பணியாளர்களாகிய நாங்கள் முதலில் கேட்பது, சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். பாதுகாப்புக் குழுவும் தன்னையே அவ்வாறு கேட்டுக்கொள்ள வேண்டும். பிறர் சொத்தில் ஊர்ப் பணத்தைச் செலவிட்டால், பின்னர் அதைத் தட்டிக் கேட்கும் உரிமை ஊருக்கு இராது.

தங்கவயலில் இக்கேள்விக்கு ஒரே விடை கிடையாது. சுரங்க வாயில்களின்மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களும் பழைய ஆலைக் கட்டடங்களும் பாரத் கோல்டு மைன்ஸின் உடைமைகள், அதாவது மத்திய அரசின் பொறுப்பில் உள்ளவை. சந்தைகளும் பூங்காக்களும் நகராட்சிக்கு உரியவை. கோயில்கள், தேவாலயங்கள், சங்கக் கட்டடங்கள் ஆகியவை அவ்வவற்றின் சபைகளைச் சார்ந்தவை. முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லைன் வீடுகளுக்கோ உரிமைப் பத்திரம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருந்து வருகிறது. எனவே குழு முதலில் தயாரிக்க வேண்டியது ஒரு பட்டியல். கட்டடம், உரிமையாளர், இன்றைய நிலை, ஆவணங்கள் இருக்குமிடம் ஆகிய நான்கு பத்திகள் அதற்குப் போதும்.

பட்டியலில் எவை இடம்பெறுகின்றன என்பதும் முக்கியமானது. வெள்ளைய அதிகாரிகளின் பங்களாக்களையும் மனமகிழ் மன்றத்தையும் வெளியூரார் படமெடுத்துச் செல்கின்றனர். சுரங்கத்தில் இறங்கியவர்களோ வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். அவர்கள் தொடக்கத்தில் வாழ்ந்தவை மூங்கில் தட்டிக் குடிசைகள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் வேரூன்றியது. அவருடைய எழுத்துகளைத் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை நூல்களாக வெளியிட்டது. ஒரு லைன் வீட்டையும், ஒரு படிப்பகத்தையும், அக்கால அச்சு நூல்களையும் விட்டுவிட்டுப் பங்களாக்களை மட்டும் காத்தால், ஊரின் பாதிக் கதையே எஞ்சும்.

உத்திரமேரூர் சொல்லும் பாடம்

ஊர்ப் பணத்தைக் குழு வைத்து நடத்துவது நமக்குப் புதிதன்று. பேத்தமங்கலம் ஏரியை நிரப்பும் பாலாறு கீழிறங்கித் தமிழகத்துக்குள் பாய்கிறது. அதன் வடிநிலத்தில் அமைந்த ஊர் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், அவ்வூர்க் கோயிற் சுவரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குழு அமைக்கும் விதிகளை விரிவாகக் கூறுகின்றன. ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டங்களைக் காக்கத் தோட்ட வாரியம், பொன்னின் தரம் காணப் பொன் வாரியம் என வேலைகள் பிரிக்கப்பட்டிருந்தன. உறுப்பினர்கள் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வயது 35 முதல் 70-க்குள் இருக்க வேண்டும். முந்தைய 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு மீண்டும் இடமில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

இக்கடைசி விதியை இன்றைய எந்தச் சங்கத்தின் துணைவிதியிலும் நாம் காண்பது அரிது. கணக்குக் காட்டுவது நன்னடத்தையாக விடப்படாமல், பதவிக்கான தகுதியாகவே அங்கு வைக்கப்பட்டிருந்தது. அதே வேளையில் மற்றோர் உண்மையையும் மறைக்கக்கூடாது. அச்சபையில் நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணர்க்கே இடமிருந்தது. உழைத்த மக்களுக்கும் பெண்களுக்கும் அங்கே ஓலை எழுதப்படவில்லை. கணக்கு விதியை நாம் எடுத்துக்கொள்வோம், கதவடைப்பை விட்டுவிடுவோம். தங்கவயலில் அமையும் குழுவில் லைன்வாழ் பெண்களும், இரயிலேறிச் செல்லும் இளைஞர்களும், ஓய்வுபெற்ற தொழிலாளரும் இருந்தால்தான் மேற்சொன்ன பட்டியல் நேராக அமையும்.

ஒரு வெளிநாட்டு நடைமுறை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2000-ஆம் ஆண்டில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஓர் ஊர் வாக்கெடுப்பின் மூலம் ஒப்புக்கொண்டால், சொத்து வரியின்மேல் 3 விழுக்காடு வரை கூடுதல் வரி விதித்துத் தனி நிதியில் சேர்க்கலாம். மாநில அரசும் தன் பங்கைச் சேர்க்கும். அம்மாநிலத்தின் 351 ஊர்களில் பாதிக்கு மேற்பட்டவை இதனை ஏற்றுள்ளன.

ஆண்டு வரவில் திறந்தவெளிக்கு 10 விழுக்காடு, வரலாற்றுச் சின்னங்களுக்கு 10 விழுக்காடு, எளியோர் வாங்கத்தக்க வீட்டு வசதிக்கு 10 விழுக்காடு என மூன்று பங்குகள் கட்டாயமாக ஒதுக்கப்பட வேண்டும். மீதியை இம்மூன்றிலும் பொழுதுபோக்கு இடங்களிலும் தேவைக்கேற்பப் பகிரலாம். நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. குழுவில் 5 முதல் 9 பேர் இருப்பர். அவர்கள் ஆண்டுதோறும் பொதுக் கேட்பு நடத்தி, எந்தப் பணிக்கு எவ்வளவு என்று பரிந்துரைப்பர். முடிவெடுப்பது ஊர்க்கூட்டம். கூட்டம் தொகையைக் குறைக்கலாம், மறுக்கலாம், ஆனால் கூட்ட முடியாது. செலவாகாத பணம் நிதியிலேயே தங்கும். அன்றாடப் பராமரிப்புக்கு இந்நிதியைத் தொடக்கூடாது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது, பரிந்துரைக்கும் கையும் ஒப்புதல் தரும் கையும் வெவ்வேறாக இருப்பதாகும். குழுவினர் தமக்கு வேண்டிய பணிக்குத் தாமே பணம் வழங்க முடியாது. கூட்டத்தினரும் உணர்ச்சி வேகத்தில் தொகையை உயர்த்த முடியாது. பராமரிப்புக்கான தடைக்கும் காரணமுண்டு. பழுதுபார்த்துத் தந்த கட்டடத்தை நாள்தோறும் பேணுவது உரிமையாளரின் கடமை. அதை எழுத்தில் பெறாமல் கூரை மாற்றிக் கொடுத்தால், பத்தாண்டுகளில் அதே கூரைக்கு மீண்டும் பணம் கேட்டு வருவர்.

வரவு எங்கிருந்து?

நம் நாட்டில் இத்தகைய தனி வரி இல்லை. ஆயினும் வழிகள் உண்டு. தமிழ்நாட்டில் நமக்கு நாமே திட்டத்தின்கீழ் மக்கள் ஒரு பங்கைச் செலுத்த, எஞ்சியதை அரசு ஏற்கிறது. கர்நாடகத்திலுள்ள தங்கவயலுக்கு அத்திட்டம் பொருந்தாது. எனினும் மக்கள் பங்கு முன்வந்தால் பிறர் பங்கும் பின்தொடரும் என்பதை அது காட்டுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: 1,000 குடும்பங்கள் மாதம் ரூ.100 செலுத்தினால் ஆண்டு வரவு ரூ.12 லட்சம். நிர்வாகத்துக்கு 5 விழுக்காடு, அதாவது ரூ.60,000. மூலநிதியாக ரூ.3 லட்சத்தை வைப்பில் இட்டால் பணிக்குக் கிடைப்பது ரூ.8,40,000. இதனால் ஒரு பெரிய கட்டடத்தைப் புதுப்பிக்க இயலாது. ஒரு படிப்பகத்தின் கூரையை மாற்றவோ, பழைய நூல்களையும் சம்பளப் பதிவேடுகளையும் ஒளிப்படியாக்கவோ முடியும்.

அடுத்த வழி நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. கம்பெனிகள் சட்டம் 2013-இன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வரலாற்றுச் சிறப்புடைய கட்டடங்களின் புதுப்பிப்பும் இடம்பெற்றுள்ளது. தங்கவயலிலேயே தொழிற்சாலை உள்ள பெமல் போன்ற நிறுவனங்களை அணுகலாம். ஆனால் நிதி பெறும் தனியார் சங்கமோ அறக்கட்டளையோ உரிய வரிப் பதிவுகளுடன், குறைந்தது 3 ஆண்டு செயற்பாட்டு அனுபவமும் பெற்றிருக்க வேண்டும். இன்று பதிவு செய்யும் சங்கம் மூன்றாண்டுக்குப் பிறகே கேட்க முடியும். தாமதத்தின் விலை இதுவே.

மூன்றாவது, மாவட்டக் கனிம அறக்கட்டளை. 2015-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, சுரங்கக் குத்தகையாளர்கள் உரிமத் தொகையில் 10 அல்லது 30 விழுக்காட்டுக்கு இணையான தொகையை மாவட்ட அறக்கட்டளைக்குச் செலுத்துகின்றனர். தங்கவயலின் சுரங்கங்கள் அதற்கு 14 ஆண்டுகள் முன்பே மூடப்பட்டுவிட்டன. எனினும் 2024 ஜூன் மாதத்தில் கர்நாடக அமைச்சரவை, தங்கவயலின் 13 கழிவு மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. சயனைடு மேடுகள் என ஊரார் அழைக்கும் அவை ஆயிரம் ஏக்கருக்கும் சற்று மேற்பட்ட நிலத்தில், சுமார் 3.3 கோடி டன் அளவில் குவிந்துள்ளன. பணி தொடங்கி வரவும் வந்தால், கனிம நிதியின் முன்னுரிமைகள் குடிநீர், உடல்நலம், கல்வி, சுற்றுச்சூழல் ஆகியவையே. மேடுகளிலிருந்து பறக்கும் தூசைக் கட்டுப்படுத்துவதும் ஊர்க்குழுவின் சக்திக்கு அப்பாற்பட்டது, அரசே செய்ய வேண்டியது. அவ்வேளையில் மரபுக்கான சிறு பங்கை எடுத்துரைக்க, கணக்கும் பட்டியலும் கையில் வைத்துள்ள ஒரு குழு ஊரில் இருக்க வேண்டும்.

வங்கிக் கணக்கும் அதன் காவலும்

சங்கத்தைக் கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1960-இன்கீழ் பதிவு செய்யலாம். பதிவு பெற்ற சங்கத்துக்குச் சேமிப்புக் கணக்கு தொடங்க இடமுண்டு. பதிவுச் சான்று, துணைவிதிகள், நிரந்தரக் கணக்கு எண், கணக்குத் தொடங்கும் தீர்மானம், கையொப்பமிடுவோரின் அடையாள ஆவணங்கள் ஆகியவை தேவை. அதன்பின் பின்வரும் ஒழுங்குகளை வாடிக்கையாளர்கள் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

மூவர் பெயரைக் கொடுத்து, எவரேனும் இருவர் கையொப்பமிட்டால் போதும் என்று அமைத்துக்கொள்க. ஒருவர் ஊர்விட்டுச் சென்றாலும் வேலை நிற்காது. நன்கொடையை இயன்றவரை கணக்கின் வழியாகவே பெறுக. ரூ.2,000-க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு 80ஜி வரிச் சலுகை கிடைக்காது. மூலநிதியை ஒரே வைப்பாக இடாமல், ஆண்டுக்கு ஒன்று முதிரும்படி பிரித்து இடுக. ஒப்பந்தக்காரருக்குப் பணத்தை வேலையின் கட்டங்களுக்கு ஏற்ப வழங்கி, ஒரு பகுதியை மழைக்காலம் கழியும் வரை பிடித்து வைக்க. ஒழுகாத கூரைக்கு மழையே சான்று. வரவு செலவுப் பட்டியலை ஆண்டுக்கு இருமுறை பொது இடத்தில் தமிழிலும் கன்னடத்திலும் ஒட்டுக.

பொறுப்பாளர்கள் மாறும்போது புதிய தீர்மானத்தை உடனே கிளையில் சேர்க்க மறவாதீர்கள். வாடிக்கையாளர் தரப்பில் 2 ஆண்டுகள் பரிவர்த்தனை இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். 10 ஆண்டுகள் கேட்பாரற்ற தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்கு மாற்றப்படும். உரியவர் பின்னர் கோரிப் பெறலாம் என்றாலும், பழைய பொறுப்பாளர்கள் மறைந்தபின் உரிமையை நிறுவுவது எளிதன்று. இளையோர் வெளியூரில் பிழைக்கும் தங்கவயல் போன்ற ஊர்களில் இது வெறும் எச்சரிக்கையாக நில்லாமல் நடைமுறைச் சிக்கலாகவே ஆகக்கூடும்.

மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்கு இறங்கிய தலைமுறையினரின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே குடும்பம் நடத்துகின்றனர். பட்டியல் எழுத ஒரு நோட்டுப் புத்தகமும், தீர்மானம் நிறைவேற்ற ஒரு மாலைக் கூட்டமும் போதும். மூன்றாண்டுக் கணக்கு அன்றே தொடங்கிவிடும். உங்கள் ஊரில் அத்தகைய குழு அமையுமானால், தீர்மான நகலுடன் அருகிலுள்ள கிளையை அணுகுங்கள். மற்ற நடைமுறைகளில் உதவக் காத்திருக்கிறோம்.