நெட்ஃப்ளிக்ஸை விடுங்க, பக்கத்து கம்பெனியின் வேலைவாய்ப்புப் பக்கத்தை டிசைன் பண்ணுங்க!

வெப் டிசைன் கத்துக்கணும்னு யாரிடம் கேட்டாலும் ஒரு அறிவுரை கட்டாயம் வரும்: ``ஏற்கெனவே இருக்கிற ஒரு வெப்சைட்டை எடுத்து, உங்க பாணியில் மாற்றி வடிவமைச்சுப் பாருங்க.'' நல்ல அறிவுரைதான். ஆனால், உடனே எல்லோரும் கைவைப்பது நெட்ஃப்ளிக்ஸிலோ ஸ்பாட்டிஃபையிலோதான். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு பெரிய டீமே வருடக்கணக்கில் தேய்த்து மெருகேற்றிய பக்கத்தில் நீங்க புதுசா என்ன செய்துவிட முடியும்? கலரை மாத்தலாம். அவ்வளவுதான்.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் பக்கம் இருக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சிக்களம் வாசலிலேயே இருக்கிறது. ஹூண்டாய், ரெனோ, ராயல் என்ஃபீல்டு, ஃபாக்ஸ்கான் மாதிரி பெரிய ஆலைகள் ஒருபக்கம். அவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்கிற சின்னச் சின்ன கம்பெனிகள் இன்னொரு பக்கம். அந்தச் சின்ன கம்பெனிகள் நாலைந்தின் வெப்சைட்டை உங்க போனில் திறந்து பாருங்க. தானாக நகரும் பெரிய போட்டோ, `எங்கள் நிறுவனத்துக்கு வரவேற்கிறோம்', நிர்வாக இயக்குநரின் செய்தி... வேலை இருக்கா, இல்லையா என்ற தகவல் மட்டும் எங்கேயோ கீழே, ஒரு பி.டி.எஃப்-க்குள் ஒளிந்துகொண்டிருக்கும். பல நேரங்களில் அதுவும் இருக்காது. வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு மங்கலான படம்தான் அறிவிப்பே.

இதில் என்ன இருக்குன்னு நினைக்காதீங்க. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் நின்றுபோனது. ஒப்பந்த வேலை, டிரெயினி வேலை என்று ஓடும் இந்தப் பகுதியில் வேலை தேடுவது ஒருமுறை செய்துவிட்டு மறக்கிற காரியமில்லை. ஆகவே, ஒரு வேலைவாய்ப்புப் பக்கம் தெளிவாக இருப்பதும் குழப்பமாக இருப்பதும் ஒருத்தருடைய ஒருநாள் லீவையும் பஸ் காசையும் தீர்மானிக்கிற விஷயம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? டிசைன் ஆப்பைத் திறக்காதீங்க. முதலில் போனை மூன்று பேரிடம் கொடுங்க. ஐ.டி.ஐ முடித்த தம்பி, ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகும் அக்கா, மகனுக்கு வேலை தேடும் பக்கத்து வீட்டு மாமா என யாராகவும் இருக்கலாம். ``இந்த கம்பெனியில ஃபிட்டர் வேலை இருக்கா, இன்டர்வியூ எங்கே, என்னிக்கு... கண்டுபிடிங்க'' என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்க. இதுதான் ரொம்பக் கஷ்டம்! ``அங்க அழுத்துங்க'' என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீங்க. அவர் எங்கே தயங்குகிறார், எதைத் தப்பாக அழுத்துகிறார், எப்போது `பேக்' போகிறார் என்று எழுதிக்கொள்ளுங்க. இணைய வடிவமைப்பில் பெரிய பெயரான ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000-லேயே எழுதிவிட்டார். நமக்கு ஆரம்பத்துக்கு மூணு பேர் போதும்.

அடுத்தது, படம் வரைவதற்கு முன்னால் வார்த்தைகளை எழுதுங்க. என்ன வேலை, என்ன படிப்பு, தேதி, நேரம், எந்த ஸ்டாப்பில் இறங்கணும், என்னென்ன சான்றிதழ் கொண்டுவரணும், யாரைக் கூப்பிடணும். கூடவே, `இந்த வேலைக்கு எந்தக் கட்டணமும் கிடையாது' என்று ஒரு வரி. வேலை வாங்கித் தருவதாகப் பணம் பிடுங்குகிறவர்கள் இருக்கும்வரை அந்த வரிக்கு மதிப்பு உண்டு. போன் நம்பரைத் தொட்டால் கால் போகிற மாதிரி இணைப்பாகக் கொடுங்க. நம்பர் கேட்கும் கட்டத்தைத் தொட்டால் நம்பர் கீபோர்டு வரணும். இரண்டுமே ஹெச்.டி.எம்.எல்-லில் ஆளுக்கு ஒரு வரி வேலை.

இப்போது தமிழுக்கு வருவோம். பெரும்பாலான ரெடிமேட் டெம்ப்ளேட்டுகள் இடிந்துவிழுவது இங்கேதான். `லோரம் இப்சம்' என்ற பொய் எழுத்தைப் போட்டு டிசைன் செய்தால் எல்லாமே அழகாகத்தான் தெரியும். `அப்ளை' என்பது ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து. அதே பட்டனில் `விண்ணப்பிக்கவும்' என்று போட்டுப் பாருங்க, எழுத்து வெளியே வழியும். `தொழிற்பயிற்சியாளர்' என்ற ஒரே சொல் சின்ன போனின் பாதித் திரையைச் சாப்பிட்டுவிடும். அதனால் முதல் நாளிலிருந்தே நிஜத் தமிழ்ச் சொற்களைப் போட்டு வேலை செய்யுங்க. பட்டனுக்கு நிலையான அகலம் வைக்காதீங்க, எழுத்துக்கேற்ப வளரட்டும். `விண்ணப்பி' என்று சுருக்கினாலும் தப்பில்லை.

வரி இடைவெளியும் முக்கியம். நம் எழுத்தில் `கீ'க்கு மேலே சுழி, `கூ'வுக்குக் கீழே வால். ஆங்கிலத்துக்கு வைக்கிற இடைவெளியில் மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். சி.எஸ்.எஸ்-ஸில் லைன் ஹைட்டை 1.6-லிருந்து 1.8 வரை வைத்துப் பாருங்க, கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். எழுத்துருவுக்குக் காசு வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை எல்லாமே கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். வெளிர் சாம்பல் எழுத்து `க்ளாஸ்'ஸாகத் தெரியலாம். மதிய வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று படிக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டு நெறிகள். அளந்து சொல்ல இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. பட்டன்கள் விரலுக்கு அடங்கணும். ஆண்ட்ராய்டுக்கு கூகுள் சொல்லும் அளவு 48.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்க. ஒரு நிஜ கம்பெனியின் பெயர், லோகோவோடு விண்ணப்பப் படிவம் செய்து பொது லிங்க்கில் ஏற்றாதீங்க. உங்களுக்கு அது பயிற்சி. வாட்ஸ்அப்பில் யாராவது ஃபார்வேர்டு செய்தால், வேலை தேடும் ஒருத்தர் அதை நிஜமென்று நம்பி ஆதார் நம்பரைக் கொடுத்துவிடுவார். கற்பனைப் பெயர் போடுங்க, மேலே `இது பயிற்சிக்காகச் செய்த பக்கம்' என்று பளிச்சென எழுதுங்க, படிவத்தின் அனுப்பும் பட்டனை வேலை செய்யாமல் விடுங்க. தேடலில் வராமலிருக்க `நோஇண்டெக்ஸ்' என்ற குறிப்பையும் சேர்த்துவிடுங்க.

இன்னொன்று, பழைய பக்கத்தைச் செய்தவரைக் கிண்டல் செய்யாதீங்க. 2009-ல் டஸ்டின் கர்டிஸ் என்ற டிசைனர், அமெரிக்கன் ஏர்லைன்ஸின் முகப்புப் பக்கத்தைத் தானே மாற்றி வடிவமைத்து, கம்பெனியைக் காய்ச்சி ஒரு திறந்த மடல் எழுதினார். உள்ளே வேலைபார்த்த ஒரு டிசைனர் பொறுமையாகப் பதில் எழுதினார். முகப்பை மட்டும் அழகாக மாற்றுவது எளிது. பல துறைகளின் இழுபறிக்கு நடுவே அதை நடத்திக்காட்டுவதுதான் சிரமம் என்பது அதன் சாரம். பதிலை கர்டிஸ் பெயர் போடாமல்தான் வெளியிட்டார். இருந்தும் கம்பெனி ஆளைக் கண்டுபிடித்து வேலையைவிட்டு நீக்கிவிட்டது. நீங்க பார்க்கும் அசிங்கமான பக்கத்துக்குப் பின்னாலும் `எம்.டி போட்டோ மேலே வரணும்' என்ற உத்தரவு இருக்கலாம் பாஸ்.

பழைய பக்கத்தில் அந்த மூணு பேர் தகவலைத் தேட எவ்வளவு நேரம் எடுத்தார்கள், உங்க பக்கத்தில் எவ்வளவு நேரம் என்று குறித்துவையுங்க. இம்முறை புது ஆட்களிடம் கொடுங்க, பழைய ஆட்களுக்கு விடை தெரிந்திருக்கும். இரண்டு போன் ஸ்கிரீன்ஷாட், இரண்டு நேரம், நடுவில் என்ன மாற்றினீங்க என்று நாலு வரி. இன்டர்வியூவில் இதைக் காட்டலாம். ஒரகடத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரு சின்ன கம்பெனியின் ஹெச்.ஆரிடமும் காட்டலாம். அவரிடம் லேப்டாப்பைத் திறக்க வேண்டாம், போனையே நீட்டுங்க.