பழைய பாக்கியும் வசூல் ஏஜென்சியும்



"இன்று ரொக்கம், நாளை கடன்" என்று வாசலில் பலகை மாட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்து நோட்டில் பாக்கி எழுதுகிறவர்கள்தான் நாம். பாக்கி வசூல் என்பது நமக்குப் புதிது அல்ல. ஆனால் நம் சகவியாபாரி ஒருவரே கடன்காரராகி, வசூலுக்கு வந்தவர் அவர் கடை வாசலில் நின்று சத்தம் போட்டதை அண்மையில் கண்ணால் பார்த்தோம். மற்றவர்களுக்கும் உதவட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

எம்.கே.பி. நகரில் நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக்கடைத் தம்பி அவர். 2015ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் தவணைக்கு டிவியும் பிரிட்ஜும் வாங்கினார். மாதம் 2,400 ரூபாய் வீதம் 18 தவணை. பிப்ரவரி முதல் நவம்பர் வரை பத்துத் தவணை ஒழுங்காகக் கட்டினார். டிசம்பரில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வியாசர்பாடிப் பக்கம் தண்ணீர் புகுந்ததில் கடையிலிருந்த அரிசி, பருப்பு, சர்க்கரை மூட்டைகள் எல்லாம் போயின. தவணை நின்றது. மீதம் எட்டுத் தவணை, அதாவது 19,200 ரூபாய். அதன் பிறகு கேட்பாரும் இல்லை, இவரும் போய்ப் பார்க்கவில்லை. அது இவர் தவறுதான்.

இத்தனை வருடம் கழித்து ஓர் ஏஜென்சியிலிருந்து போன் வருகிறது. 1,12,000 ரூபாய் பாக்கியாம்! வட்டி, அபராதம், வசூல் செலவு என்று கணக்கு. முதலில் இவருக்கு, பிறகு இவர் மனைவிக்கு, அதன் பிறகு மைத்துனருக்கும் போன். ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு இரண்டு பேர் கடைக்கே வந்துவிட்டார்கள். வாடிக்கைக்காரர்கள் நாலைந்து பேர் நிற்கையில், "ஊர்ப் பணத்தில் டிவி பார்க்கிறாயா, நாளைக்கு போலீஸ் வரும்" என்று பேச்சு. தம்பி நமக்குப் போன் செய்தார்.

"அண்ணாச்சி, இப்போதைக்கு ரெண்டாயிரம் கொடுத்து ஒரு கையெழுத்துப் போட்டால் போய்விடுகிறோம் என்கிறார்கள். கொடுத்துவிடட்டுமா?"

"கையெழுத்து மட்டும் போடாதே தம்பி, வருகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனோம்.

காகிதத்தை வாங்கிப் பார்த்தோம். முழுதும் ஆங்கிலம். கடைசியில், 1,12,000 ரூபாய் தர வேண்டியதை ஒப்புக்கொண்டு தவணையாகக் கட்டுவதாக உறுதி கூறும் வாசகம். அடையாள அட்டை எங்கே, நிதி நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதம் எங்கே, கணக்கு விவரம் எங்கே என்று கேட்டோம். "பெரியவரே, நீங்கள் இதில் தலையிடாதீர்கள்" என்றார் ஒருவர். அட்டை இருந்தது, கடிதம் இல்லை. கடிதத்தோடு பகலில் வாருங்கள் என்று அனுப்பி வைத்தோம்.

மறுநாள் நமக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனோம். அவர் சொன்னதையும், பிறகு நாம் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறோம்.

1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி இத்தகைய கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. இவருடைய கடைசித் தவணை 2016 ஜூலை. ஆகவே 2019 ஜூலையோடு கெடு முடிந்தது. கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் 15.3.2020 முதல் 28.2.2022 வரையுள்ள காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது உண்மை. ஆனால் அதற்கு முன்பே முடிந்துபோன கெடு அதனால் உயிர்பெறாது. கெடு முடியுமுன் கடன்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, பகுதிப் பணம் கட்டி அது அவர் கையெழுத்தோடு பதிவானாலோ, அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. கெடு முடிந்த பிறகு வெறுமனே ஒப்புக்கொள்வதால் அப்படி ஆகாது. ஆனால் "தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி அதுவே புதிய ஒப்பந்தம். அந்த ஆங்கிலக் காகிதத்தின் சூட்சுமம் இதுதான். ரெண்டாயிரம் ரூபாய் அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை, கையெழுத்துதான் வேண்டும்.

கெடு முடிந்தால் கடனே இல்லை என்று பொருளல்ல. வழக்கு வழி அடைபட்டதே தவிர, மரியாதையாகக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. சிபில் அறிக்கையிலும் பாக்கி தெரியும். கோர்ட் சம்மன் வந்துவிட்டாலோ, கெடு தாண்டியதுதானே என்று வீட்டில் உட்காரக் கூடாது. போய்ச் சொல்ல வேண்டும். ஒருதரப்புத் தீர்ப்பாகிவிட்டால் அதை நிறைவேற்றப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நகைக் கடன், அடமானக் கடன் கணக்கும் வேறு.

போலீஸ் விஷயம். தவணை கட்டாதது சிவில் விவகாரம், அதற்காக மட்டும் கைது கிடையாது. செக் திரும்பினால் கிரிமினல் வழக்கு வரலாம், அதற்கும் நோட்டீசு, நாள் கணக்கு எல்லாம் உண்டு. போன், நேரில் வருவது பற்றி ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டு 12ஆம் தேதி சுற்றறிக்கையில் தெளிவாகச் சொன்னது: காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பிறகோ போன் கூடாது, மிரட்டல் கூடாது, பொது இடத்தில் அவமானப்படுத்தவோ குடும்பத்தார், நண்பர்களைத் தொல்லை செய்யவோ கூடாது. ஏஜெண்டு செய்ததற்கு நிறுவனமே பொறுப்பு. தமிழ்நாடு சட்டமன்றமும் கடுமையான கடன் வசூலைத் தடுக்க 2025 ஏப்ரலில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது.

தம்பியின் பெயரில் ஒரு கடிதம் எழுதி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினோம். (ரிஜிஸ்தர் தபாலைத்தான் 2025ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்களே.) கோரும் தொகையை ஒப்புக்கொள்ளவில்லை, கணக்கு விவரமும் ஏஜென்சிக்குக் கொடுத்த அதிகாரக் கடிதமும் அனுப்புங்கள், இன்ன தேதி இன்ன நேரத்தில் இப்படி நடந்தது என்று மட்டுமே எழுதினோம். தருகிறேன் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. முப்பது நாளில் சரியான பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

நமக்கு ஏன் இதில் இத்தனை அக்கறை என்று கேட்கலாம். 1996ல் பி அண்டு சி மில் மூடியபோது நம் பக்கத்துக் குடும்பங்கள் பல நிலைகுலைந்தன. நம் கடை நோட்டிலும் பாக்கி நின்றது. மறு வருடம் அந்த நோட்டைப் பார்த்து ஒரு பட்டியல் எழுதி, நூற்றுக்கு இருபத்தைந்து கமிஷன் என்று ஒருவனிடம் கொடுத்தோம். அவன் எப்படிக் கேட்டான் என்று நாம் விசாரிக்கவில்லை. ஒரு நாள் மில் தொழிலாளி ஒருவரின் மனைவி 640 ரூபாயை எண்ணிக் கல்லாவில் வைத்தார். காதில் தோடு இல்லை, ஈர்க்குச்சி இருந்தது. "தெருவில் நின்று கத்தச் சொன்னீங்களா அண்ணாச்சி?" என்று ஒரே கேள்வி. பதில் சொல்ல வாய் வரவில்லை. பட்டியலை அன்றே திரும்ப வாங்கினோம். அந்த அம்மாள் பிறகு நம் கடைப் படி ஏறவில்லை. தம்பி கடை வாசலில் அந்த இருவரும் கத்தியபோது நமக்கு அந்த ஈர்க்குச்சிதான் ஞாபகம் வந்தது.

நிற்க. கடிதம் போன ஐந்தாம் வாரம் பதில் வந்தது. வட்டி, அபராதம் எல்லாம் தள்ளி 19,200 ரூபாய்க்கு முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். சட்டப்படி கட்டாமலும் இருக்கலாம் என்று வக்கீல் சொன்னார். தம்பி, "பொருளை வாங்கி அனுபவித்தேன் அண்ணாச்சி, அசலைக் கட்டிவிடுகிறேன். கடைக்கு பிரீசர் வாங்க லோன் கேட்கவும் சிபில் சுத்தமாக வேண்டும்" என்றார். நமக்கும் அதுதான் சரி என்று பட்டது. எந்தத் தொகையோடு கணக்கு முடிகிறது, சிபிலில் என்னவென்று பதிவார்கள் என்பதை முதலில் எழுத்தில் வாங்கினோம். பிறகு நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலேயே பணம் கட்டப்பட்டது. ஏஜெண்டு கையில் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. பாக்கி இல்லை என்ற சான்று வந்து சேர இன்னும் மூன்று வாரம் ஆயிற்று.

நாம் கொடுக்கும் கடனுக்கும் இதே மூன்று ஆண்டுக் கெடுதான். தவணை நாள் குறிக்காமல் கொடுத்த சரக்குக்கு, கொடுத்த நாளிலிருந்தே கணக்கு. ஆகவே வருடம் ஒரு முறை பேரேட்டுப் பாக்கியைக் காட்டித் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். மேலே சொன்ன கடிதத்தின் நகல் ஒன்றைத் தம்பியின் பெயரை அடித்துவிட்டுச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். வேண்டுவோர் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.