கற்பாதையில் ஒரு கூட்டுப் பயணம்

ஈழத்து மலையகத்தைப் புகையிரதத்தின் சாளரத்தினூடாகக் கண்டு களித்தோர் பலர். அம்மலைகளின் முதுகிற் கிடக்கும் கற்பாதைகளை அறிந்தோர் சிலரே. ஜிந்துப்பிட்டியின் நெருக்கமான தெருக்களிற் கைவண்டிக்கும் லொறிக்கும் வழிவிட்டுப் பழகிய நமக்கு, எதிரே வண்டியொன்றும் வாராத பாதையிலும் ஒரு நாழிகையில் ஒரு கல் தொலைவு செல்வதே அரிதாகும் என்றால் வியப்புத் தோன்றலாம். கொழும்பு வாழ் இளைஞர் பலர் இந்நாளில் ஜீப் வண்டிகளிற் குழுவாகச் சேர்ந்து இத்தகைய பாதைகளை நாடுகின்றனர். அப்பயணத்தின் இயல்பை நம் மாணவர்க்கு விளக்குதல் பயனுடைத்து.

இவற்றுட் பெயர்பெற்றது, ஓகியாவை அடுத்த உடவேரியத் தோட்டப் பகுதியிலிருந்து கலுபகனைக்கு இறங்கும் வழியாகும். ஆங்கிலேயர் மொழியில் இதற்குப் ‘பேயின் படிக்கட்டு’ என்னும் பொருள்படும் பெயர் வழங்குகின்றது. தலைப்பில் குளிர்பனி சூழ்ந்த தேயிலை மேடு. அடியில் பலாங்கொடையிலிருந்து அப்புத்தளை செல்லும் பெருந்தெரு. இடையில் வளைந்து வளைந்து வீழும் கல்லும் மண்ணும். இலங்கையின் மிக உயர்ந்த அருவியாகிய, 263 மீற்றர் உயரமுடைய பம்பரகந்தையும் இப்பக்கத்திலேயே உள்ளது.

சாதாரண மோட்டார் வண்டி இங்கே ஏன் செல்லாது? வண்டி திரும்பும்போது வெளிச்சில்லு உட்சில்லைவிட மிகுந்த தூரம் ஓடவேண்டும். அதற்கு இடங்கொடுக்கும் பொருட்டு அச்சின் நடுவே பற்சக்கரக் கூடொன்று அமைத்துள்ளனர். ஆனால், ஒரு சில்லு பள்ளத்தின்மேல் அந்தரத்தில் தூங்குமாயின், அது வெறிதே சுழலும். நிலத்தில் ஊன்றிய மற்றச் சில்லோ வலுவிழந்து நிற்கும். முன்சில்லுகளையும் எஞ்சின் உந்துமாறு செய்தால் இக்குறை பெரிதும் நீங்கும். 1941ஆம் ஆண்டளவிற் போர்த்தேவைக்கென அமெரிக்காவிற் பெருகிய ஜீப்பும், 1948இல் இங்கிலாந்தார் வெளியிட்ட லாண்ட் ரோவரும் இம்முறையில் அமைந்தவையே. மேலும், இவற்றில் வேகத்தைக் குறைத்து வலுவைப் பெருக்கும் தனிக் கியர் வரிசையொன்றும் உண்டு.

இனி ஓட்டும் முறையை நோக்குவோம். பெருங்கல் எதிர்ப்படின் அதனை இரு சில்லுகளுக்கிடையே விடலாகாது. விட்டால் வண்டியின் அடிப்பாகம் மோதி உடையும். ஒரு சில்லை அக்கல்லின்மேலேற்றி மெல்லக் கடத்தலே முறை. ரயரிற் காற்றைச் சிறிது குறைத்தால் அது கல்லைத் தழுவிப் பற்றும். பெருந்தெருவை அடைந்ததும் மறவாது மீண்டும் நிரப்பவேண்டும். இறக்கத்தில் பிறேக்கை ஓயாது மிதித்தால் அது சூடேறித் தளரும். சில்லுகள் முற்றாக நின்றுவிடின் வண்டி சறுக்கும். ஆதலின் மிகத் தாழ்ந்த கியரிலிட்டு, எஞ்சினே வண்டியைத் தாங்கிப் பிடிக்குமாறு இறங்குதல் வேண்டும். சுக்கானைப் பிடிக்குங்கால் பெருவிரலை வளையத்துள் நுழைத்தலும் தகாது. சில்லு கல்லில் மோதும்போது சுக்கான் திடீரெனத் திரும்பி விரலை முறிக்கும்.

இப்பயணத்தைத் தனியே மேற்கொள்ளுதல் பேதைமை. ஒரு வண்டி சேற்றிற் புதைந்தால் மற்றொன்று கயிறு கட்டி இழுக்கும். ஆயினும் செங்குத்தான இடத்தை ஒரு வண்டி முற்றக் கடக்கும்வரை அடுத்தது காத்திருக்க வேண்டும். ஒருவர் முன்னே நின்று கையாற் சைகை காட்ட, சாரதி அவர் ஒருவர் சைகையையே நோக்கல் வேண்டும். பலர் கூடிக் கூவினால் நேர்வது விபத்தே. வலியவன் முந்துதலன்று, பின்வருவோனுக்காக நின்று காத்தலே இங்குக் குழுவின் அறமாகும்.

இனி, நாம் சிந்திக்கவேண்டிய ஒன்றுண்டு. நமக்கு விளையாட்டாகும் இக்கரடுமுரடான வழிகள், தோட்டத்து லயங்களில் வாழும் நம் உடன்பிறந்தார்க்கு அன்றாட வழிகளாம். பிள்ளைகள் பள்ளிக்கு நடப்பதும், நோயாளியைச் சுமந்து வைத்தியசாலைக்கு விரைவதும் இத்தகைய பாதைகளிலேயே. மழைநாளில் நம் சில்லுகள் சுழன்று கீறிய தடம் நீரோடையாகும். ஓடை மண்ணை அரித்துப் பள்ளமாகும். நாம் ஞாயிறு மாலை கொழும்பு திரும்பிவிடுவோம். பள்ளமோ அவர்கள் காலடியில் நிற்கும்.

அம்மலைச்சாரலின் மண் எத்துணை நொய்தென்பதற்கு, அதே வட்டாரத்துக் கொசுலாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டம் சான்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மலை சரிந்து லயங்களை மக்களோடு மூடியது. அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தும், அங்கு வாழ்ந்தோர்க்கு மாற்றிடம் அமையவில்லை. அச்சரிவுக்கு வண்டித்தடம் காரணமன்று. எனினும் அத்தகைய மண்ணின்மீது செல்வோர் அடக்கத்தோடு செல்லுதல் கடன்.

ஆகவே, செல்ல விரும்பும் இளைஞர் மழைக்காலத்தைத் தவிர்க்க. தோட்டத்தாரிடம் அனுமதி பெறுக. பாதையை விட்டு விலகித் தேயிலைக்குள்ளும் புல்வெளிக்குள்ளும் வண்டியைச் செலுத்தற்க. கொண்டுசென்ற குப்பையை மீளக் கொணர்க. கொழுந்துக்கூடை சுமந்து எதிரே வருவோரைக் கண்டால் வண்டியை நிறுத்தி அவர்க்கு வழிவிடுக. அவ்வழி முதலில் அவர்க்குரியது.