ஜேக்கப் தீவு இருந்ததா? பழைய பத்திரிகையில் ஒரு லண்டன்

1850ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் லண்டனில் ஒரு கூட்டம் நடந்தது. நகரின் சுகாதாரச் சீர்கேடு பற்றிப் பேச்செழுந்தபோது, முன்னாள் மேயரான சேர் பீற்றர் லோறி எழுந்தார். ஜேக்கப் தீவு என்று ஓரிடம் கிடையாது, அது பத்து வருடங்களுக்கு முன் சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய கதையில் மாத்திரமே உண்டு என்ற பொருள்படப் பேசினார்.

அந்தக் கதை "ஒலிவர் டுவிஸ்ட்". கொலைகாரன் பில் சைக்ஸ் தப்பியோடி வந்து, கூரையிலிருந்து இறங்க முயலும்போது தன் கயிற்றிலேயே சுருக்கிட்டுச் சாகும் இடம் ஜேக்கப் தீவு. தேம்ஸ் நதியின் தென்கரையில், பேர்மொண்ட்சி என்ற பகுதியில், சாக்கடைகளால் சூழப்பட்ட ஒரு குடியிருப்பு அது. படித்தவர்களுக்கு அது நாவலில் வரும் பயங்கரமான ஓரிடம். அங்கு வாழ்ந்தவர்களுக்கோ வேறு போக்கிடம் இருக்கவில்லை.

நேயர்களே, சேர் பீற்றர் அவ்வாறு பேசுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், 1849 செப்டெம்பர் 24ஆம் திகதி, "மோர்னிங் குரொனிக்கிள்" பத்திரிகையில் அந்த இடத்தைப் பற்றி நீண்டதொரு கட்டுரை வெளியாகியிருந்தது. எழுதியவர் ஹென்றி மேஹ்யூ. டிக்கன்ஸ் பிறந்த அதே 1812இல் பிறந்தவர். 1841இல் "பஞ்ச்" என்ற நகைச்சுவை ஏட்டைத் தொடங்கியவர்களுள் ஒருவர். பழைய பத்திரிகைகளின் வழியாக ஒரு மாநகரின் இறந்த காலத்தைத் தேடிச் செல்பவர்களுக்கு இவரை விட நல்ல வழிகாட்டி கிடையாது என்பது எனது எண்ணம்.

அது கொலரா எனும் வாந்திபேதி பரவிய வருடம். லண்டனில் மாத்திரம் சுமார் 14,000 பேர் மடிந்தார்கள். மேஹ்யூ அந்தச் சாக்கடையோரம் நின்று பார்க்கிறார். வெயில் படும் இடத்தில் நீர் பச்சைத் தேயிலைச் சாயம் போலத் தெரிகிறது, நிழலில் கருங்கல்லைப் போல. தோல் பதனிடும் இடத்தருகே இரத்தச் சிவப்பு. நீரின் மேலே எண்ணெய்ப் படலம். செத்த விலங்குகள் ஊதி மிதக்கின்றன. வீடுகளின் பின்புறத்தில் சாக்கடைக்கு மேலாக மரத்தால் நடைபாதை, அதன் மேல் மலசலகூடங்கள். வாளி வாளியாக அசுத்தம் உள்ளே கொட்டப்படும் சத்தம் கேட்கிறது. அதே நேரத்தில் ஒரு சின்னப் பிள்ளை தகரக் குவளையைக் கயிற்றில் கட்டி அதே நீரில் இறக்கி, பக்கத்திலிருந்த வாளியை நிரப்புகிறது. அந்த நீரை ஒரிரு நாள் அசையாமல் வைத்து, அழுக்குத் தங்கிய பிறகு மேலே உள்ளதை எடுத்துக் குடிக்கிறார்கள். மெய்தானா என்று விசாரிக்கிறார். யாரிடமாவது இரந்தோ களவெடுத்தோ ஒரு வாளி நல்ல தண்ணீர் பெறாவிட்டால் இதுதான் கதி என்கிறார்கள். வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்கவில்லையா? கேட்டோம், செய்கிறேன், செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேயிருக்கிறார்.

இந்தக் கட்டுரையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொரு விடயம். மேஹ்யூவுக்குக் கொலரா எதனால் வருகிறது என்பது தெரியாது. அக்காலத்தவர் பலரைப் போல அவரும் துர்நாற்றமும் நச்சுக் காற்றுமே காரணம் என்று நம்பினார். கதவு நிலைகளில் பூசிய வர்ணம் கறுத்திருப்பதை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார். நோய் நீரின் வழியாகப் பரவுகிறது என்று டொக்டர் ஜோன் ஸ்னோ ஒரு சிறு நூல் வெளியிட்டது அதே 1849இல்தான், ஆனால் அதைப் பலர் ஏற்கவில்லை. ஆகவே மேஹ்யூவின் விளக்கம் பிழை. ஆனால் அந்தக் குவளையும் கயிறும் வாளியும் அவருடைய வரிகளில் அப்படியே இருக்கின்றன. தாம் நம்பிய காரணத்துக்குத் தேவைப்படாததையும் அவர் எழுதி வைத்தார். அதனால், அவரால் காண முடியாத காரணத்தை நாம் அவருடைய கட்டுரையிலிருந்தே எடுத்துக்கொள்கிறோம்.

இக்கட்டுரையைத் தொடர்ந்து ஒக்டோபரில் அப்பத்திரிகை "தொழிலும் ஏழைகளும்" என்ற பெருந்தொடரை ஆரம்பித்தது. லண்டன் பகுதி மேஹ்யூவின் பொறுப்பு. தையற்பெண்களின் கூலியைப் பற்றி அவர் எழுதியவை ஊரை உலுக்கின. பரிகாரமாகக் கண்டது என்ன தெரியுமா? அந்தப் பெண்களைக் கடல் கடந்த குடியேற்றங்களுக்குக் கப்பலேற்றி அனுப்ப ஒரு நிதி! அதை முன்னின்று நடத்திய சிட்னி ஹேர்பேட், அந்தப் பத்திரிகையின் உரிமையாளர்களுள் ஒருவர். கூலியைக் கூட்டுவதிலும் பார்க்க ஆட்களைக் குறைப்பது இலகு என்று கண்டார்கள் போலும். மேஹ்யூ 1850 ஒக்டோபரில் பத்திரிகையுடன் முறித்துக்கொண்டு, அவ்வருட டிசெம்பர் முதல் தாமே வாராந்த வெளியீடாகத் தொடர்ந்தார். விலை இரண்டு பென்ஸ். இவையே பின்னர் விரிந்து, 1861-62இல் நான்கு பெருந்தொகுதிகளாயின.

அவருடைய முறை ஒரு வானொலிக்காரனுக்கு மிகவும் பழக்கமானது. ஆட்களைச் சந்தித்துக் கேள்வி கேட்பார். அச்சில் பெரும்பாலும் கேள்விகளை நீக்கிவிட்டு, பதில்களை ஒரே பேச்சாக ஒட்டிவிடுவார். நாங்களும் ஒலிப்பதிவு நாடாவை வெட்டி ஒட்டிய காலத்தில் இதையே செய்தோம். அதனால் அவர் தரும் குரல்களை முழுக்கவும் அவர்களுடைய குரல் என்று கொள்வதற்கில்லை. எடுத்ததும் விட்டதும் அவருடைய கை. இருந்தும் சில இடங்களில் கேள்வி கேட்டவரே தடுமாறுவதை அவர் மறைக்கவில்லை. நீர்க்கீரை விற்கும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. விளையாட்டுப் பொருட்கள், பூங்காக்கள் பற்றிப் பேச்சுக் கொடுக்கிறார். பூங்காவா, அவை எங்கே இருக்கின்றன என்று அவள் வியக்கிறாள். ஆனால் சந்தையில் தன்னை ஒருவரும் ஏமாற்ற முடியாது என்பதை விபரமாகச் சொல்கிறாள். ஒரு குழந்தையுடன் எப்படிப் பேசுவது என்பதே தமக்கு விளங்காமற் போனதாக மேஹ்யூ எழுதுகிறார்.

இனி சேர் பீற்றருக்கு வருவோம். "ஒலிவர் டுவிஸ்ட்" மலிவுப் பதிப்பு 1850இல் வந்தபோது, டிக்கன்ஸ் அதன் முன்னுரையில் பதில் கொடுத்தார். கதையில் வந்த இடம் உலகில் இல்லாமற் போகுமென்றால், கதையில் வந்த மனிதரும் இல்லாமற் போகவேண்டும். சேர் பீற்றரும் ஒரு நத்தார்க் கதையில் வந்தவராயிற்றே! 1844இல் வெளியான "த சைம்ஸ்" கதையில் வரும் கியூட் என்ற நகரசபை உறுப்பினர் சேர் பீற்றரின் சாயலில் எழுதப்பட்டவர் என்பது ஊரறிந்த விடயம்.

மேஹ்யூவின் கட்டுரையைப் படித்த பாதிரியாரும் நாவலாசிரியருமான சார்ள்ஸ் கிங்ஸ்லி அதே ஒக்டோபரில் பேர்மொண்ட்சிக்கு நேரே சென்றார். மறு வருடம் வெளிவந்த அவருடைய "அல்ரன் லொக்" நாவலில் ஒரு தையற்காரன் ஜேக்கப் தீவின் சாக்கடையில் விழுந்து சாகிறான். ஆக, நாவலில் வந்த இடத்துக்குப் பத்திரிகை சாட்சி சொன்னது, பத்திரிகைச் செய்தி மீண்டும் நாவலாயிற்று. இடையில் ஒரு கனவான் அப்படி ஓர் இடமே இல்லை என்றார்.

அந்தச் சாக்கடைகள் பின்னர் தூர்க்கப்பட்டன. இன்று அங்கே விலையுயர்ந்த தொடர்மாடி வீடுகள். மில் வீதியும் ஜேக்கப் வீதியும் பெயரளவில் மிஞ்சியுள்ளன. பக்கத்துத் துறையின் மறுகரையில் ஒரு பழைய பண்டகசாலை, கறுவாவின் பெயரைத் தாங்கிய குடியிருப்பாக நிற்கிறது.

ஆங்கிலம் வாசிக்கும் நேயர்களுக்கு ஒரு யோசனை. மேஹ்யூவின் பேர்மொண்ட்சிக் கட்டுரை இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது. முதலில் அதைப் படியுங்கள். அடுத்து "ஒலிவர் டுவிஸ்ட்" நாவலின் 50ஆம் அத்தியாயம். பின்னர் அந்த 1850ஆம் வருட முன்னுரை. எல்லாப் பதிப்புகளிலும் அது இருக்காது, பார்த்து வாங்குங்கள்.