குவிலென்சும் காவலூர்த் தொலைநோக்கியும்

ஜவ்வாது மலையில், ஆலங்காயத்திற்கு அருகே காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கிக்கு 1986-இல் வானியல் அறிஞர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அதில் விண்மீன் ஒளியைத் திரட்டுவது 2.34 மீட்டர் விட்டமுள்ள ஒரு குழியாடி. தொலைநோக்கி என்றால் குவிலென்சு என்றல்லவா பாடத்தில் படித்தோம்? இங்கு ஏன் ஆடி?

விடை காண, முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். பகலில் அறைக்கதவைச் சாத்தி, ஒரே ஒரு சன்னலைத் திறந்து வையுங்கள். எதிர்ச்சுவரின் அருகே ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில், வெளியே உள்ள மரம் சுவரில் தலைகீழாகத் தெரியும்.

மர உச்சியின் ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர்கள் லென்சு முழுவதிலும் பரவி விழுகின்றன. லென்சு அவற்றை வளைத்து, மறுபுறம் ஒரு புள்ளியில் கூட்டுகிறது. உச்சியின் கதிர்கள் கீழேயும், அடிமரத்தின் கதிர்கள் மேலேயும் கூடுவதால் பிம்பம் தலைகீழாகிறது. வெகு தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் குவியத்தில் விழும். பொருள் நெருங்க நெருங்கப் பிம்பம் லென்சை விட்டு விலகும். குவியத் தூரம் 20 செ.மீ. உள்ள லென்சிலிருந்து 60 செ.மீ. தள்ளி மெழுகுவர்த்தியை வைத்தால், மறுபுறம் 30 செ.மீ. தூரத்தில் பாதி உயரமுள்ள பிம்பம் கிடைக்கும். கணக்கிட்டுப் பாருங்கள்!

இனிச் சுவரிலுள்ள பிம்பத்தை உற்று நோக்குங்கள். அது சற்று மங்கலாக இருக்கும். ஏன்? லென்சின் ஓரத்தில் புகும் கதிர்கள், நடுவில் புகும் கதிர்களைவிட லென்சுக்கு அருகிலேயே கூடிவிடுகின்றன. இது கோளப் பிறழ்ச்சி. கறுப்புத் தாளில் சிறு துளையிட்டு லென்சின் மேல் வைத்தால் பிம்பம் தெளியும். ஆனால் ஒளி குறைந்துவிடும்.

மற்றொரு குறை நிறப் பிறழ்ச்சி. கண்ணாடி சிவப்பு ஒளியைவிட நீல ஒளியை அதிகமாக வளைக்கும். 1 மீட்டர் குவியத் தூரமுள்ள சாதாரண லென்சில், இவ்விரு நிறங்களின் குவியங்களுக்கிடையே சுமார் ஒன்றரை செ.மீ. இடைவெளி இருக்கும். கிரௌன் கண்ணாடியாலான குவிலென்சுடன் பிளின்ட் கண்ணாடியாலான குழிலென்சைச் சேர்த்து இதைப் பெரும்பாலும் திருத்தலாம். லண்டனைச் சேர்ந்த டாலண்டு 1758-இல் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

ஆனால் லென்சை விளிம்பில் மட்டுமே தாங்கிப் பிடிக்க முடியும். மிகப் பெரிய லென்சு தன் எடையாலேயே வளைந்துவிடும். ஆடியையோ பின்புறம் முழுவதும் தாங்கலாம். ஒளி ஆடிக்குள் புகாமல் மேற்பரப்பிலேயே திரும்புவதால் நிறப் பிறழ்ச்சியும் இல்லை. காவலூரில் ஆடி இருப்பதன் காரணம் இதுவே.

ஆடியிலும் குறை இல்லாமலில்லை. கோள வடிவ ஆடியில் கோளப் பிறழ்ச்சி உண்டு. காவலூரிலுள்ள ஷ்மிட் தொலைநோக்கியில், அதைத் திருத்த 45 செ.மீ. விட்டமுள்ள மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்று முன்னால் நிற்கிறது. ஆடி செய்யப்போகும் பிழைக்கு நேர் எதிரான பிழையைத் தகடு முன்கூட்டியே செய்துவிடுகிறது, இரண்டும் ஈடாகின்றன! இத்தொலைநோக்கியால் 1988-இல் ராஜமோகனும் குழுவினரும் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தனர். கணிதமேதை ராமானுஜனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பிம்பம் மங்கலாயிருந்தால், அந்தச் சிறு ஒளிப்புள்ளி கண்ணில் பட்டிருக்குமா?

துளையிட்ட தாளுடன் சோதனையை இன்றே செய்து பாருங்கள். ஆனால் லென்சு வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள், கண் பறிபோகும்.