ஓட்டுக் கேட்டு வருகிறவர் அறிவியல் பேசுவாரா?

ஆண்டாப் ஹில்லில் நீங்கள் போடும் ஓட்டு யார் யாருடைய ஓட்டோடு சேருகிறது, தெரியுமா? மும்பை தென்மத்திய மக்களவைத் தொகுதியில் தாராவியும் உண்டு, அணு விஞ்ஞானிகள் குடியிருக்கும் அணுசக்தி நகரும் உண்டு! பக்கத்து டிராம்பேயில்தான் 1956 ஆகஸ்ட் 4 அன்று ‘அப்சரா’ அணு உலை இயங்கத் தொடங்கியது. சோவியத் நாட்டை விட்டுவிட்டால், ஆசியாவுக்கே முதல் உலை!

அந்த உலை அமைந்த அணு ஆராய்ச்சி மையத்துக்காக 1976-இல் ஜனதா காலனியையே இடித்தார்கள், தெரியுமா? சுமார் 70,000 பேர்! அதில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள்! அவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம்தான் சீத்தா கேம்ப். அறிவியல் கொள்கைக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று இனி யாராவது சொல்வார்களா?

இதையும் கேளுங்கள்! 2020 ஜூலையில், ஆண்டாப் ஹில் அடங்கிய எஃப் நார்த் உட்பட மூன்று வார்டுகளில் 6,936 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்குக் கொரோனா ஏற்கெனவே வந்து போயிருந்தது! மற்ற குடியிருப்புகளில்? வெறும் 16! நெரிசலும் பொதுக் கழிப்பறையும் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். ஒரு கழிப்பறைக்கு எத்தனை வீடு என்பதும் அறிவியல் கேள்விதானே!

மழை? 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸ்: 24 மணி நேரத்தில் 944 மி.மீ.! நகரின் பழைய மழைநீர்க் கால்வாய்கள் தாங்குவது மணிக்கு 25 மி.மீ.தான்! 2018 ஜூன் 25 அன்று கொட்டிய மழையில் நம் லாயிட்ஸ் எஸ்டேட்டில் சுவர் சரிந்து கார்கள் மண்ணுக்குள் போனது நினைவிருக்கிறதா?

விஞ்ஞானி ஒருவரே தேர்தலில் நின்று ஜெயித்தார், தெரியுமா? 1952, கல்கத்தா, மேகநாத் சாகா! விண்மீன்களின் ஒளியைப் படிக்கச் சமன்பாடு தந்தவர், மக்களவையில் அணுசக்திக் கொள்கையைக் குடைந்து கேட்டார்!

கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தின் சுப. உதயகுமாரன் 2014-இல் கன்னியாகுமரியில் வேட்பாளராகவே நின்றார்!

அமெரிக்காவில் 2008-இல் ஒபாமாவும் மெக்கெய்னும் 14 அறிவியல் கேள்விகளுக்குப் பதில் தந்தார்கள். 2016-இல் கேள்விகள் 20! ஆனால் எல்லாம் எழுத்தில்தான். அறிவியலுக்கென்றே ஒரு மேடையில் அதிபர் வேட்பாளர்கள் நேருக்கு நேர் நின்றார்களா? ஒருமுறைகூட இல்லை! எழுத்துப் பதிலை ஆலோசகரே எழுதிக் கொடுத்துவிடலாம். மேடையில்தான் ஆள் தெரியும்!

நமக்கு இன்னொரு வசதி தெரியுமா? நம் சயான் கோலிவாடா சட்டமன்றத் தொகுதியில் 2014, 2019, 2024 என மூன்று முறையும் வென்றவர் தமிழரான கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வன்! அப்புறமென்ன? எல்லா வேட்பாளர்களையும் மேடை ஏற்றுவோம், தமிழிலேயும் கேட்போம்! முதல் கேள்வி: எங்கள் தெருக் கால்வாய் மணிக்கு எத்தனை மி.மீ. மழை தாங்கும்?